சேலத்தில் உருவான திகில் விளையாட்டின் கன்சோல் மறுவெளியீடு: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சேலம் அழகாபுரத்தில் வாடகை வீட்டு மாடி ஒன்றில் நான்கு பேர் சேர்ந்து ஒரு வீடியோ விளையாட்டை உருவாக்கினார்கள். ஒருவர் நிரல் எழுதினார். ஒருவர் ஓவியத்தையும் முப்பரிமாண உருவங்களையும் கவனித்தார். ஒலி ஒருவர் பொறுப்பு, கதையும் வசனமும் இன்னொருவர் பொறுப்பு. நால்வருக்கும் பகலில் வேறு வேலை இருந்தது. அவர்கள் கேட்டுக்கொண்டபடி விளையாட்டின் பெயரையும் அவர்களுடைய பெயர்களையும் இங்கே தவிர்த்திருக்கிறேன். கணினிக்கான முதல் வெளியீட்டில் எனக்குப் பங்கில்லை. அது குறைகளோடு வெளிவந்த பிறகு, தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் கருவியான கன்சோலுக்குத் திருத்திய பதிப்பின் சோதனைப் பணியை ஒருங்கிணைக்க என்னை அழைத்தார்கள். முதல் வெளியீட்டைப் பற்றி இங்கே சொல்வதெல்லாம் அவர்களுடைய குறிப்பேடுகளிலிருந்தும் நேர்ப்பேச்சிலிருந்தும் தெரிந்துகொண்டது. மற்றவை நான் உடனிருந்து கண்டவை.

விளையாட்டின் களம் ஏற்காட்டு மலையிலுள்ள ஒரு காபித் தோட்டம். மார்கழி மாதம், அறுவடை பாதியில் நிற்கிறது. ஆட்கள் ஒரே இரவில் தோட்டத்தை விட்டுப் போயிருக்கிறார்கள். கணக்குப்பிள்ளையின் மகள் தன் தந்தையைத் தேடி அங்கே வருகிறாள். அவள் கையில் ஓர் அரிக்கேன் விளக்கும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் இருக்கின்றன. ஈரக்காற்றில் நமுத்துப்போகும் தீப்பெட்டி ஒன்றும் கவாத்துக் கத்தி ஒன்றும் இருக்கின்றன. வேறொன்றும் இல்லை. பங்களா, பழம் உரிக்கும் கூடம், காயவைக்கும் களம், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன் வீடுகள், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதை ஆகியவைதான் அவள் உலகம்.

1820 வாக்கில் அன்றைய சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த காபி, சேர்வராயன் மலையின் முகத்தையே மாற்றியது. அந்த இரு நூற்றாண்டு வரலாற்றின் நிழல் கதை முழுவதும் விழுந்திருந்தது. கதை எழுதியவரின் தாத்தா லயன் வீட்டில் பிறந்தவர். இந்த மண்ணைப் பற்றித் தமிழில் ஒரு திகில் விளையாட்டு வரவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அந்த ஆசை சரியானது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

சர்வைவல் ஹாரர் என்று அழைக்கப்படும் இந்த வகையில் ஆட்டக்காரருக்கு எல்லாமே பற்றாக்குறையாகத்தான் கிடைக்கும். வெளிச்சம், மருந்து, தோட்டா, சேமித்துக்கொள்ளும் வாய்ப்பு எதுவும் தாராளமாக இருக்காது. 1996இல் வந்த ரெசிடென்ட் ஈவிலில் ஆட்டத்தைச் சேமிக்கத் தட்டச்சுப்பொறி வேண்டும், அதற்கு மை நாடா வேண்டும். நாடா தீர்ந்துவிட்டால் சேமிக்க வழியில்லை. இந்த வகையில் சிரமம் என்பதே அனுபவத்தின் பகுதி. எந்தச் சிரமம் வேண்டுமென்றே வைத்தது, எது தவறுதலாக வந்து சேர்ந்தது என்று பிரித்தறிவது கடினமாவதற்கும் அதுவே காரணம். இந்த நிகழ்வு முழுவதையும் ஆட்டிப்படைத்த கேள்வி அதுதான்.

முதல் வெளியீடு

தீபாவளிக்கு முந்தைய வாரம் விளையாட்டு கணினிக்கு வந்தது. இன்னும் சில மாதங்கள் தேவை என்பது நால்வருக்கும் தெரிந்தே இருந்தது. ஆனால் குழுவில் ஒருவர் வீட்டு நகைகளை அடகு வைத்திருந்தார். தவணை நெருங்கியதால் வெளியிட்டார்கள்.

வாங்கியவர்களின் கருத்துகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. கதையும் ஒலியும் இடமும் மனதில் நிற்கின்றன, ஆனால் விளையாட முடியவில்லை என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் பலர். அதைவிடக் குழுவை வருத்தியது வேறொன்று. பாராட்டி எழுதியவர்களில் பலர் விளையாட்டைப் பாதியில் நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் வீடியோவில் பிறர் ஆடியதைப் பார்த்தே மீதிக் கதையைத் தெரிந்துகொண்டிருந்தார்கள்.

அடுத்த சில மாதங்கள் சிறு திருத்தங்களிலேயே கழிந்தன. ஒரு பிழையைச் சரிசெய்தால் இன்னொன்று முளைத்தது. கோடை தொடங்கும் நேரத்தில் ஒரு கன்சோல் நிறுவனத்தின் சிறு தயாரிப்பாளர்களுக்கான திட்டத்தில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. அப்போதுதான் ஒட்டுவேலையை நிறுத்திவிட்டு அடியிலிருந்து பார்க்கலாம் என்ற பேச்சு எழுந்தது.

எதிரே இருந்த முன்னுதாரணம்

நிரலாளர் தன் மேசையருகே சுவரில் ஒரு தாளை ஒட்டிவைத்திருந்தார். அதில் 2008இல் வந்த அலோன் இன் தி டார்க் பற்றிய குறிப்புகள் இருந்தன.

அந்தப் பெயர் இந்த வகைக்கே முன்னோடி. 1992இல் இன்ஃபோகிராம்ஸ் நிறுவனத்தில் ஃப்ரெடெரிக் ரேனால் உருவாக்கிய முதல் அலோன் இன் தி டார்க், நிலையான கேமராக் கோணங்களையும் முப்பரிமாணப் பாத்திரங்களையும் சேர்த்துத் திகில் வளர்க்கும் முறையை நிலைநாட்டியது. 2008இல் பிரான்ஸின் லியோன் நகரத்து ஈடன் கேம்ஸ் அதைப் புதிதாக எடுத்தது, அட்டாரி வெளியிட்டது. கதை நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் நடக்கிறது. எண்ணங்கள் அபாரமானவை. நெருப்பு மரத்தைப் பற்றிக்கொண்டு பரவும். ஜாக்கெட்டைத் திறந்து உள்ளே செருகியுள்ள பொருள்களை எடுத்து ஒன்றோடொன்று சேர்க்கலாம். பார்வை மங்கினால் கண்ணைச் சிமிட்டித் தெளிவாக்க வேண்டும். தொலைக்காட்சித் தொடர் போல அத்தியாயங்களாகப் பிரித்திருந்தார்கள், பிடிக்காத பகுதியைத் தாண்டிப் போகவும் வழி வைத்திருந்தார்கள். ஆனால் பாத்திரத்தை நடத்துவதே பாடாக இருந்தது. கேமரா ஒத்துழைக்கவில்லை. கார் ஓட்டும் காட்சிகளில் ஆட்டக்காரர்கள் திரும்பத் திரும்பச் செத்தார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் ப்ளேஸ்டேஷன் 3க்கு மட்டும் இன்ஃபெர்னோ என்ற துணைப்பெயரோடு திருத்திய பதிப்பு வந்தது. ஆட்டக்காரர் விரும்பியபடி சுற்றிலும் திருப்பக்கூடிய கேமரா வந்தது. நடையும் ஓட்டமும் சீராகின. விமர்சகர்கள் முந்தையதைவிட நல்ல மதிப்பெண் கொடுத்தார்கள். ஆனாலும் கொண்டாடவில்லை. சீர்செய்த வடிவம் ஜூனில் எக்ஸ்பாக்ஸ் 360க்கு வாங்கியவர்களின் கைக்குப் போகவில்லை என்பதும் நினைவில் வைக்கத் தக்கது.

சுவரில் இன்னொரு பெயரும் இருந்தது. 2010இல் எக்ஸ்பாக்ஸ் 360இல் வந்த டெட்லி பிரிமொனிஷன், 2013இல் டைரக்டர்ஸ் கட் என்ற பெயரில் ப்ளேஸ்டேஷன் 3க்கு வந்தது. கட்டுப்பாடுகள் மேம்பட்டன, ஆனால் படம் தடுமாறுகிறது என்ற புதிய குறை வந்து சேர்ந்தது. திருத்திய பதிப்பு புதிய குறையைச் சுமந்து வரக்கூடும் என்பதற்காகவே அதை எழுதி வைத்ததாக நிரலாளர் சொன்னார்.

சோதனையில் கண்டது

எதையும் மாற்றுவதற்கு முன் பழைய பதிப்பையே ஒரு தொலைக்காட்சியில் இணைத்து, இதுவரை அதைப் பார்த்திராதவர்களை ஆடச் சொன்னோம். அஸ்தம்பட்டியிலிருந்து கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் இளைஞர்கள் இருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார்கள். ஏற்காட்டுத் தோட்டமொன்றில் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரையும் கதாசிரியர் அழைத்து வந்தார்.

ஆடும்போது யாரும் குறுக்கே பேசக்கூடாது என்று குழுவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். தன் விளையாட்டில் ஒருவர் திணறுவதைப் பார்த்தால் உருவாக்கியவருக்கு வாய் சும்மா இருக்காது. "அந்தப் பக்கம் போங்கள்" என்று ஒரு சொல் உதிர்ந்தாலும் அந்தச் சோதனை வீண். ஆட்டம் முடிந்ததும் தோட்டத்தின் வரைபடத்தை அச்சிட்டுக் கொடுத்து, பயந்த இடத்தில் சிவப்பும் எரிச்சல் வந்த இடத்தில் நீலமும் வைக்கச் சொன்னோம்.

வரைபடங்களை அடுக்கி வைத்துப் பார்த்தபோது அறையில் அமைதி நிலவியது. பங்களாவின் உள்ளே, அதாவது மிகுந்த திகிலுக்காகக் குழு உழைத்த இடத்தில், நீலமே மண்டியிருந்தது. சிவப்பு இருந்ததோ யாரும் பெரிதாக நினைக்காத இடங்களில். பழம் உரிக்கும் கூடத்தில் தண்ணீர் சொட்டும் ஒலி, லயன் வீட்டில் பாதி உண்டு வைத்த தட்டு, இப்படி. மண்ணெண்ணெய் தட்டுப்பாட்டைப் பற்றி ஒருவர்கூட நீலம் வைக்கவில்லை. அதைக் கூட்டிக் கொடுக்கலாமா என்று குழு பல வாரம் விவாதித்திருந்தது.

நீலத்துக்கு முதல் காரணம் கேமரா. பங்களாவுக்குள் அது சுவர் மூலையில் நிலையாக நின்றது. அவள் அடுத்த அறைக்குப் போனதும் காட்சி வேறு மூலைக்குத் தாவியது. பழைய ரெசிடென்ட் ஈவிலிலும் காட்சி இப்படித்தான் தாவும். ஆனால் அங்கே மேல்நோக்கிய பொத்தானுக்கு எப்போதும் ஒரே பொருள்: பாத்திரம் பார்க்கும் திசையில் முன்னே நடத்தல். காட்சி எப்படி மாறினாலும் நடை மாறாது. சேலம் குழுவோ திசையைத் திரையோடு கட்டியிருந்தது. காட்சி தாவிய கணத்தில் திசையும் தலைகீழாகும். கதவைத் தாண்டியவள் அதே கதவு வழியே திரும்பி, துரத்தி வரும் உருவத்தின் கைக்குள்ளேயே ஓடினாள். பட்டறை இளைஞர்களில் ஒருவர் மூன்றாம் முறை செத்த பிறகு கண்ட்ரோலரை மெதுவாகக் கீழே வைத்தார். அவர் முகத்தில் பயம் இல்லை, சலிப்புதான் இருந்தது.

அடுத்தது எழுத்து. தந்தையின் நாட்குறிப்பைப் படித்தால்தான் கதை புரியும். முதல் பதிப்பில் பயன்பட்ட என்ஜின், அதாவது விளையாட்டை இயக்கும் அடிப்படை மென்பொருள், தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கவில்லை. யூனிகோடில் எகரக் கொம்பு மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது, திரையில் முன்னால் வரவேண்டும். ஒகரமோ மெய்க்கு முன்னும் பின்னும் பிரிந்து நிற்கவேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யும் அடுக்கு என்ஜினில் இல்லை. ஆகவே பக்கங்களைப் படமாகவே ஒட்டிவிட்டார்கள். கணினித் திரைக்கு அருகில் உட்கார்ந்தால் படிக்க முடிந்தது. கூடத்தின் மறுகோடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவருக்கு அது மங்கிய கோடுகளாகவே தெரிந்தது.

பெரியவர் சொன்னது எதிர்பாராதது. அவர் கேமராவையும் பொத்தானையும் பொறுமையாகச் சகித்துக்கொண்டார். களத்துக் காட்சி வந்ததும் நிறுத்தினார்.

"பனி இறங்குகிற ராத்திரியில் காபியை விரித்தா வைப்பார்கள், தம்பி? சாயங்காலமே குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவோம்."

"அது எனக்குத் தெரியாமல் போய்விட்டது, ஐயா" என்றார் ஓவியர்.

"மூடின குவியல் வரிசையாகக் கிடக்கும். இருட்டில் பார்த்தால் ஆள் படுத்திருப்பது போலத்தான் இருக்கும்."

கன்சோல் பதிப்பில் பலரும் குறிப்பிட்டுப் பேசும் காட்சி இந்த இரண்டு வாக்கியங்களிலிருந்து பிறந்தது. அந்தத் தோட்டத்தில் வாழ்ந்தவரை முதல் பதிப்புக்கு முன்பே கூப்பிட்டிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

முடிவுகளும் காரணங்களும்

கேமராவை முழுக்கச் சுதந்திரமாக்கிவிடலாம் என்பது நிரலாளரின் முதல் எண்ணம். இன்ஃபெர்னோ செய்தது அதுதான். ஓவியர் மறுத்தார். ஆட்டக்காரரின் பார்வைக்கு எட்டாத மூலை ஒன்று இருக்கவேண்டும் என்றே பங்களாவின் ஒவ்வோர் அறையையும் அவர் அமைத்திருந்தார். கேமராவைத் திருப்ப முடிந்தால் அந்த மூலை செத்துவிடும். அவர் சொன்னது சரி என்று பட்டது. வரைபடங்களில் நீலம் இருந்தது அறைகளின் நடுவில் அல்ல, காட்சி மாறும் கதவுகளில்தான். எனவே பங்களாவுக்குள் நிலையான கோணங்கள் தொடர்ந்தன. காட்சி மாறினாலும் ஆட்டக்காரர் கண்ட்ரோலரில் திசை காட்டும் ஸ்டிக்கை விடும்வரை பழைய திசையே செல்லுபடியாகும்படி மாற்றினார்கள். விட்டுவிட்டு மறுபடி தள்ளும்போதுதான் புதிய திசை பிடிக்கும். சிறிய மாற்றம்தான், ஆனால் கதவுகளில் சாவது அடியோடு குறைந்தது. வெளியே, தோட்டத்துப் பாதைகளில், சுற்றிலும் திருப்பக்கூடிய கேமராவைக் கொடுத்தார்கள். உள்ளே பார்வை பறிக்கப்படுகிறது, வெளியே எல்லாத் திசையும் திறந்து கிடந்தும் பனி மறைக்கிறது. இந்த வேறுபாடு முதல் பதிப்பில் இல்லாத புதிய அச்சத்தைக் கொண்டுவந்தது.

பனி பெரிய வேலையாகிப் போனது. முதல் பதிப்பில் அது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அரைத்தெளிவுப் படலங்களால் ஆனது. ஒவ்வொரு படலத்துக்கும் திரையின் அதே புள்ளியை வரைகலைச் சில்லு மறுபடி மறுபடி வரையவேண்டும். கன்சோலில் வெளிப்புறக் காட்சிகள் திக்கித் திணறின. 1999இல் வந்த சைலன்ட் ஹில் முதல் ப்ளேஸ்டேஷனின் வலிமைக் குறைவை மறைக்கவே பனியைப் பயன்படுத்தியது, அந்தக் குறையே அதன் அடையாளமாக மாறியது. இங்கே நிலைமை நேர்மாறு. பனியே சுமையாகிவிட்டது.

ஓவியர் படலங்களைக் குறைத்துப் பார்த்தார். காட்சி மெலிந்தது, திகில் போய்விட்டது. பிறகு அவரும் ஒலி அமைத்தவரும் அதிகாலைப் பஸ்ஸில் ஏற்காடு போனார்கள். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏற ஏறப் பனி எப்படித் தொடங்குகிறது என்று ஜன்னலோரம் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். லேடீஸ் சீட்டிலும் பகோடா பாயின்ட்டிலும் மணிக்கணக்காக நின்றார்கள். பனி சுவரைப் போல நிற்பதில்லை, பள்ளத்திலிருந்து துண்டு துண்டாக ஏறி வருகிறது, மரத்தின் அடிப்பகுதியை விழுங்கிவிட்டு உச்சியை விட்டுவைக்கிறது என்று கண்டார்கள். பக்கத்திலிருக்கும் இலை ஈரத்தோடு துல்லியமாகத் தெரிகிறது, பத்தடி தள்ளி ஒன்றுமில்லை. ஒலி அமைத்தவர் கவனித்தது வேறு. இலைநுனியிலிருந்து விழும் சொட்டொலி நடப்பவரைச் சுற்றி நெருக்கமாகக் கேட்கிறது, தொலைவில் ஓடும் ஜீப்பின் ஓசை திசையே தெரியாமல் வந்து மறைகிறது.

திரும்பி வந்ததும் படலங்களில் பெரும்பாலானவற்றைத் தூக்கிவிட்டார்கள். தரைமட்டத்தில் அடர்த்தியாகவும் உயரே போகப்போக மெலிந்தும் இருக்கும் பனியை, கேமராவிலிருந்து உள்ள தொலைவைக் கொண்டு கணக்கிடும் முறைக்கு மாறினார்கள். நகரும் துண்டுகளுக்கு மட்டும் சில படலங்கள், அதுவும் குறைந்த தெளிவில் வரைந்து பிறகு பெரிதாக்கியவை. கன்சோலில் படம் சீராக ஓடியது. முன்பைவிட அழகாகவும் இருந்தது. வேலைநாள் ஒன்றைச் செலவழித்து மலையேறியது வீண் என்று வாதிட்டவர்களும் அதை ஒப்புக்கொண்டார்கள்.

எழுத்துச் சிக்கலுக்கு என்ஜினின் புதிய பதிப்புக்கு மாறுவதைத் தவிர வழியில்லை. ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல நிரல் தொகுப்பின் துணையால் அது இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோத்தது. மாற்றம் எளிதல்ல, பழைய நிரலில் பாதி உடைந்தது. ஆயினும் நாட்குறிப்பு முழுதும் உண்மையான எழுத்தாக மாறியது, அளவை மூன்று படிகளில் கூட்டிக்கொள்ள முடிந்தது. தமிழில் கதை சொல்ல வந்த விளையாட்டில் தமிழ் படிக்கும்படி இருக்கவேண்டும். இதற்கு ஆன செலவை நான் செலவாகவே எண்ணமாட்டேன்.

கதையின் நடுவில் லயன் வீடுகள் அத்தனையிலும் விளக்கேற்ற வேண்டிய பகுதி ஒன்று இருந்தது. ஆட்டநேரம் நீளவேண்டும் என்பதற்காக வைத்தது. 2008 அலோன் இன் தி டார்க்கிலும் இதே மாதிரி ஒரு பள்ளம் உண்டு. பூங்கா முழுதும் தீய வேர்களைத் தேடித் தேடி எரித்தால்தான் கதை நகரும். விமர்சகர்கள் அலுத்துக்கொண்ட பகுதி அது. சேலம் குழு நான்கு வீடுகளை மட்டும் வைத்துக்கொண்டது. அங்கே வாழ்ந்தவர்களின் கதையை ஒவ்வொரு வீட்டிலும் கதாசிரியர் புதிதாக எழுதினார். ஆட்டநேரம் சுருங்கியது. அதற்கு யாரும் வருந்தவில்லை.

சேமிப்பில் நேர்ந்தது நம் ஊருக்கே உரியது. விளையாட்டு சேமித்துக்கொண்டிருக்கும் நொடியில் மின்சாரம் போனால் கோப்பு பாதியில் அறுந்து, முந்தைய சேமிப்பும் சேர்ந்து அழிந்தது. இப்போது புதியதை முதலில் தனிக் கோப்பாக எழுதி, முழுமையாக இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகே பழையதன் இடத்தில் வைக்கிறார்கள். முந்தைய நிலை ஒன்றும் எப்போதும் பத்திரமாக இருக்கும்.

சேமிப்பு இடங்களைக் கூட்டவேண்டும் என்ற கோரிக்கையை மட்டும் குழு ஏற்கவில்லை. அது வேண்டுமென்றே வைத்த சிரமம். வரைபடங்களும் அவர்கள் பக்கமே இருந்தன.

கத்திச் சண்டை அப்படியே விடப்பட்டது. அது மோசமாக இருந்தது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. சரிசெய்ய அசைவுகளை எல்லாம் புதிதாக அமைக்கவேண்டும், அதற்குக் காசும் இல்லை, ஆளும் இல்லை.

முதலில் வாங்கியவர்களுக்கு என்ன செய்வது

மிகக் கடுமையான வாக்குவாதம் தொழில்நுட்பத்தைப் பற்றியதல்ல. திருத்திய வடிவத்தைக் கணினியில் ஏற்கனவே வாங்கியவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பதா, புதிய பெயரில் தனியாக விற்பதா என்பது பற்றியது.

தனியாக விற்கவேண்டும் என்றவர் ஒலி அமைத்தவர். அவர் வாதத்தில் நியாயம் இருந்தது. ஒரு வருட உழைப்பு. பழைய பெயரோடு ஒட்டிய மோசமான மதிப்பீடுகள் புதியதையும் கீழே இழுக்கும். நகை இன்னும் மீட்கப்படவில்லை. அந்த நகை அவர் வீட்டு நகைதான்.

கதாசிரியர் சொன்னதும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "நம்மை யாருமே அறியாதபோது நம்பிப் பணம் கொடுத்தவர்கள் அவர்கள். உடைந்த ஒன்றை அவர்களுக்கு விற்றோம். ஒட்டவைத்ததை அவர்களுக்கே இன்னொரு முறை விற்பதா?"

என் கருத்தைக் கேட்டபோது கதாசிரியர் பக்கமே நின்றேன். பிழை இல்லாத விளையாட்டு என்பது முதலில் வாங்கியவர் ஏற்கனவே விலை கொடுத்த பொருள். அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது சலுகை ஆகாது, பாக்கியைத் தீர்ப்பது. இன்ஃபெர்னோவின் திருத்தங்கள் ஒரே கன்சோலோடு நின்றுபோனதால், முதலில் வாங்கியவர்கள் கையில் பழைய வடிவமே தங்கியது. அவர்களுடைய இடத்தில் நம் ஆட்டக்காரர்களை வைத்துப் பார்க்கச் சொன்னேன்.

முடிவாக, கன்சோலில் விலைக்கும் கணினியில் ஏற்கனவே வாங்கியவர்களுக்கு இலவசமாகவும் ஒரே நாளில் கொடுக்கத் தீர்மானித்தார்கள். நகைத் தவணையை நால்வரும் பகிர்ந்துகொள்வது என்றும் அன்றே முடிவானது. பழைய பதிப்பை அழித்துவிடாமல், விரும்புகிறவர் தேர்ந்தெடுத்து ஆடும்படி இணையக் கடையில் தனிக் கிளையாக, அதாவது தனிப் பதிப்பாக, வைத்தார்கள். பழைய சேமிப்புகள் புதியதில் திறக்காது என்பதால் அது தேவையாகவும் இருந்தது.

சான்றளிப்பு

கன்சோல் நிறுவனங்கள் தங்கள் தேவைகளின் பட்டியலில் ஒவ்வொன்றையும் நிறைவேற்றிய பிறகே வெளியிட அனுமதிக்கும். பட்டியல் ரகசியம், ஆகவே பொதுவாகவே சொல்லமுடியும். கண்ட்ரோலரின் மின்கலம் தீர்ந்து தொடர்பு அறுந்தால் ஆட்டம் நிற்கவேண்டும். கருவியை உறங்கவைத்து எழுப்பினால் விட்ட இடத்தில் தொடரவேண்டும். சேமிக்கும்போது அடையாளம் தெரியவேண்டும். முதல்முறை அனுப்பியது திரும்பி வந்தது. கண்ட்ரோலர் அணைந்த பிறகும் துரத்தும் உருவம் வந்துகொண்டே இருந்தது. வயது வரம்புக்கு ஐஏஆர்சி என்ற சர்வதேசக் கூட்டமைப்பின் கேள்வித்தாளை நிரப்பினார்கள். நிறுவனப் பதிவு, ஜிஎஸ்டி, அமெரிக்க வரிப் படிவம் ஆகியவற்றுக்கு ஒரு மாதம் போனது. சேலத்து ஆடிட்டர் ஒருவர் இதற்காகப் புதிதாகப் படித்துத் தெரிந்துகொண்டு உதவினார்.

இருட்டு தனித் தலைவலி. கணினித் திரையில் கரும்பச்சையாகத் தெரிந்த புதர், வீட்டுத் தொலைக்காட்சிகளில் வெறும் கருப்பாகத் தெரிந்தது. தொடக்கத்திலேயே ஒளி அளவைச் சரிசெய்யும் திரை ஒன்றைச் சேர்த்தார்கள். அரிக்கேன் விளக்கின் கண்ணாடியில் கீறல் மங்கலாகத் தெரியும்வரை கூட்டவும் என்பது அதிலுள்ள குறிப்பு.

வெளியான பின்

கன்சோல் பதிப்பை வாங்கியவர்களில் பலர் கதையின் முடிவைப் பற்றி எழுதினார்கள். முதல் பதிப்புக்கு வந்த கருத்துகளில் முடிவைப் பற்றிய பேச்சே கிடையாது. கணினியில் முன்பு திட்டியவர்கள் சிலர் திரும்பி வந்து தங்கள் மதிப்பீட்டை மாற்றினார்கள். மாற்றாமல் விட்டவர்களும் உண்டு. மொத்த மதிப்பீடு ஓரளவு ஏறியது, நல்லது என்று சொல்லும் அளவுக்கு ஏறவில்லை.

சண்டையைப் பற்றிய குறை முன்பைவிட உரக்கக் கேட்டது. மற்றவை சரியானதும் அது மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. கதவுகளில் தடுமாறிய அதே இடங்களைத்தான் விரும்பியதாகவும், இப்போது விளையாட்டு மிருதுவாகிவிட்டதாகவும் சிலர் எழுதினார்கள். அவர்களுக்குப் பழைய கிளை இருக்கிறது.

வருமானம் கன்சோல் வேலையின் செலவை ஈடுகட்டியது. நால்வரின் ஒரு வருட உழைப்புக்குக் கூலியாக எதுவும் மிஞ்சவில்லை. நகை மீட்கப்பட்டது.

மாற்ற வேண்டியவை

குழுவோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டவை சில. வேண்டுமென்றே வைக்கும் சிரமங்களை வேலை தொடங்கும்போதே தாளில் எழுதவேண்டும். மண்ணெண்ணெய்க் குறைவு, சேமிப்பு இடங்களின் அருமை, பார்வைக்கு எட்டாத மூலை ஆகியவை அந்தத் தாளில் இருக்கும். அதில் இல்லாத எந்தச் சிரமமும் பிழை என்று கொள்ளப்படும். முதல் பதிப்பில் அப்படி ஒரு தாள் இல்லாததால், "அது அப்படித்தான் இருக்கவேண்டும்" என்ற ஒரே பதிலுக்குள் நல்லதும் கெட்டதும் ஒளிந்துகொண்டன.

கத்தியை முற்றாக எடுத்துவிட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சரிசெய்ய வசதியில்லாததை அப்படியே விடுவதைவிட நீக்குவது மேல். அவளிடம் விளக்கு மட்டும் இருந்திருந்தால் கதைக்கு ஒரு குறையும் வந்திராது. நிரலாளர் இதை ஏற்கிறார். ஓவியர் இன்னும் ஏற்கவில்லை.

தமிழ் எழுத்து திரையில் சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகே என்ஜினைத் தேர்ந்தெடுக்கவேண்டும். ஒகர ஓகாரங்கள் நிறைந்த ஒரு பத்தியை ஓட்டிப் பார்க்க அரைமணி நேரம் போதும்.

ஆடிப் பார்க்க வருபவர்களுக்குக் கூலி கொடுக்கவேண்டும். பட்டறை இளைஞர்கள் தங்கள் ஒரே விடுமுறை நாளைக் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பஸ் கட்டணமும் சாப்பாடும் மட்டுமே கிடைத்தன. அடுத்த விளையாட்டின் வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கென ஒரு தொகையை முதல் வரியிலேயே எழுதியிருக்கிறார்கள். பெரியவரைத் தோட்டத்து விவரங்களுக்கான ஆலோசகராகப் பெயர்ப்பட்டியலில் சேர்க்கும் திருத்தம் கடைசியாக வந்த புதுப்பிப்பில் சேர்ந்துவிட்டது.